முந்தானையில் முடிந்த தாக்கோல்

திருவட்டாற்றிலிருந்து குலசேகரம் போகும் வழியில், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே ஓர் அண்டி ஆபீஸ் இருக்கிறது. ஆபீஸ் என்றதும் மேசை நாற்காலியை நினைத்துக்கொள்ள வேண்டாம். முந்திரிக்கொட்டையை வறுத்து, உடைத்து, தோல் உரித்து, பருப்பைத் தரம் பிரிக்கிற ஆலையைத்தான் குமரி மாவட்டத்து ஜனங்கள் அப்படிச் சொல்கிறார்கள். விடிந்ததும் அங்கே வறுக்கும் உருளை சுற்றத் தொடங்கிவிடும். அதன் புகை, மலையிலிருந்து இறங்கி வந்த மஞ்சோடு கலந்து ரப்பர் மரங்களின் இடுப்பைச் சுற்றிக்கொள்ளும். அந்த நேரத்தில் வேனைவிட்டு இறங்கி வருகிற பெண்களைப் பார்த்தால், கால்கள் இல்லாமல் மிதந்து வருகிறவர்களைப் போலத் தோன்றும்.

முதலில் இறங்குகிறவள் அன்னக்கிளி. நாற்பத்தெட்டு வயது. நெற்றியில் நெடுக இழுத்த வெள்ளைத் திருநாமம். பருப்பு ஷெட்டுக்கு மேஸ்திரி அவள்தான். பெண்கள் கமிட்டிக்குச் செயலாளரும் அவள்தான். வந்ததும் வராததுமாகப் பருப்பு ஷெட்டுக்குள் புகுந்து பின்பக்கம் போவாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்து, பச்சைப் பெயின்ட் அடித்த தகரக் கதவைத் திறப்பாள். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவுவாள். திரும்பப் பூட்டி, “அய்யா உண்டு” என்று சொல்லிக்கொண்டே சாவியை முந்தானையில் முடிவாள். அது பெண்களின் கழிப்பறை.

அந்தக் கதவு சும்மா வந்ததல்ல. நான்கு வருஷத்துக்கு முன்புவரை எழுபது பெண்களும் ரப்பர்த் தோட்டத்துக்குள்தான் ஒதுங்கினார்கள். ஒருநாள் மரத்துக்குப் பின்னால் நின்று எவனோ போனில் படம் பிடித்தான். அன்றைக்குப் பெண்கள் பருப்பில் கை வைக்கவில்லை. மறுநாளும் வைக்கவில்லை. மூன்றாம் நாள் முதலாளி முருகதாஸ் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் எதிரில் நின்று பேசியவள் அன்னக்கிளி. கட்டி முடித்த பிறகு, லாரியில் லோடு ஏற்ற வருகிற ஆண்கள் உள்ளே புகுந்து அசிங்கப்படுத்தினார்கள். அதனால் ஒரு பூட்டு வந்தது. பூட்டுக்கு ஒரு சாவி. சாவியை அந்தப் பக்கத்தில் தாக்கோல் என்பார்கள். அந்தத் தாக்கோல் அன்னக்கிளியின் முந்தானைக்கு வந்து சேர்ந்தது. போக வேண்டியவர்கள் அவளிடம் கேட்டு வாங்கிப் போய்த் திரும்பக் கொடுப்பார்கள். இடுப்பருகே அது ஆடுகிற பாரம் அவளுக்கு ஒரு பெருமையாக இருந்தது. பெருமை இருப்பதில் தப்பில்லை. எந்தப் பெருமையும் ஒரு கதவை அடைக்காதவரை.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. முந்திரிக்கொட்டையின் தோட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. பட்டால் கை பொள்ளும், பொள்ளிக் கறுத்துப்போகும். அந்த எண்ணெய் ஒரு சொட்டு விழுந்தால் நல்ல பருப்பும் பாழ். ஆகையால் கொட்டை உடைக்கிற கறுத்த கைக்காரர்கள் பருப்பு ஷெட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. முன்பு உள்ளூர்ப் பெண்களே உடைத்தார்கள். வேலை முடிந்ததும் தேங்காயெண்ணெய் தடவி, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போவார்கள். இப்போது உடைப்பதும் வறுப்பதும் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஆண்கள். காண்டிராக்டர் சுனில் கூட்டி வந்தவர்கள். அவர்களுக்கென்று காம்பவுண்டுக்கு வெளியே வரிசை வீடும், உள்ளே தாழ்போடக் கொண்டி இல்லாத ஒரு கழிப்பறையும் உண்டு. ஆக, பருப்பு ஷெட் உள்ளூர்ப் பெண்களுக்கு, உடைக்கிற ஷெட் வடநாட்டு ஆண்களுக்கு என்று எல்லாருக்கும் ஓர் இடம் இருந்தது.

ஆடி மாதம் அவள் வந்து சேரும்வரை.

வறுக்கும் உருளையில் நிற்கிற ஒருவனின் தங்கை. புருஷன் இறந்துபோனதால் அண்ணனோடு வந்துவிட்டாள். இருபத்தாறு வயது இருக்கும். எண்ணெய் தடவிய ஈட்டி மரத்தைப் போல நிறம், அகன்ற முகம், கொண்டையில் எப்போதும் ஏதாவது ஓர் இலையைச் செருகியிருப்பாள். சுனில் அவளை உடைக்கிற ஷெட்டில், ஆண்களுக்கு நடுவே ஒரு பலகையைப் போட்டு உட்கார வைத்தான். அவள் பேரை யாரும் கேட்கவில்லை. இந்திக்காரி என்றார்கள். அது போதுமாக இருந்தது. அவளுடைய பாஷை இந்தியும் அல்ல என்பது ஒருவருக்கும் தெரியாது.

வந்த மூன்றாம் நாள், பதினொரு மணிக்கு, அவள் பருப்பு ஷெட் வாசலில் வந்து நின்றாள். உள்ளூர்ப் பெண்கள் கேட்பதைத் தூரத்திலிருந்து பார்த்துப் பழகிக்கொண்டாள் போலும். தெளிவாகச் சொன்னாள்.

“யக்கா, தாக்கோல்.”

அன்னக்கிளி நிமிர்ந்து அவள் கையைப் பார்த்தாள். விரல் பத்தும் கறுத்திருந்தன.

“ஏட்டி, ஒனக்க கையப் பாரு. இந்தக் கையோட பரிப்பு ஷெட்டுக்குள்ள கேறப்பிடாது, கேட்டியா? ஒங்க ஆளுவளுக்கு அங்க ஒண்ணு கெடக்குல்லா? சுனிலுட்டப் போய்ப் பறை.”

பக்கத்தில் உட்கார்ந்து தோல் உரித்துக்கொண்டிருந்தவள் ஜெப்சி. கை வேகத்தைவிட வாய் வேகம் அதிகம்.

“எக்கா, கை கழுவீட்டு வந்தாலும் எது அண்டிக்கறை, எது தோலுண்ணு யாரு கண்டா? அவளுக்க நெறத்துக்கு அண்டித்தோடே தோத்துப் போவும்!”

ஷெட் முழுக்கச் சிரித்தது. அன்னக்கிளியும் சிரித்தாள். அதை மறைப்பதற்கில்லை. வாசலில் நின்றவளும், எதற்கென்று தெரியாமல், கூடச் சேர்ந்து கொஞ்சம் சிரித்தாள். பிறகு போய்விட்டாள்.

சுனில் போனைக் காதில் வைத்தபடியே அவள் சைகையைப் புரிந்துகொண்டான். “பெம்பிளைய காரியத்துக்கு எனக்கிட்ட வந்தா நான் என்ன செய்யதுக்கு? அன்னக்கிளியக்காட்டப் பறை. அவியளாக்கும் கமிட்டி.”

அவள் மறுபடியும் வந்தாள். அன்னக்கிளி மறுபடியும் சுனிலைக் கைகாட்டினாள். கமிட்டிப் பட்டியலில் பருப்பு ஷெட் பெண்களின் பேர்தான் உண்டு. பேர் இல்லாதவளுக்குத் தாக்கோல் கொடுத்தால் நாளைக்கு இந்த எழுபது பேரும் தன்னிடம் கேள்வி கேட்பார்கள் என்று அவளுக்குப் பயம். ஆண்களின் கழிப்பறைக்கு ஒருநாள் அந்தப் பெண் போயிருக்கிறாள். வெளியே நின்று எவனோ கதவைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

அவளிடம் சிவப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. காலையில் குழாயடியில் அதை நிரப்பிப் பலகைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். சாயங்காலம் வேலை முடிந்ததும் கேட்டருகே நிற்கிற செம்பருத்திச் செடிக்கு அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போவாள். தினமும் முழு பாட்டில். வேனுக்குக் காத்து நிற்கும்போது அன்னக்கிளி அதைப் பார்ப்பாள். வாடிக் கிடந்த அந்தச் செடி ஒரு மாதத்தில் தழைத்து, ஆவணியில் தீபம் ஏற்றியதுபோலப் பூத்தது.

“பாத்தியா ஜெப்சி, இந்திக்காரிக்கு செடியிட்ட எவ்வளவு பிரியம்!” என்றாள் அன்னக்கிளி.

ஒரு மனுஷி குடிக்காத தண்ணீரைக் குடித்துத்தான் அந்தச் செடி பூத்தது என்பது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. கொட்டையை உடைக்கத் தூக்கிய மரக்கட்டை கையிலிருந்து நழுவ, அவள் பலகையிலிருந்து அப்படியே சரிந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. அண்ணனும் சுனிலும் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பருப்பு ஷெட் பெண்கள் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

மத்தியானம் சுனில் திரும்பி வந்து நின்றான். “எக்கா, பெம்பிளைய வார்டுல தொணைக்கு ஆம்பிளைய நிக்கப்பிடாதாம். அவளுக்க அண்ணன வெளிய எறக்கி விட்டாச்சு. ஒரு பெம்பிளைய அனுப்புவியளா?”

“ஒனக்க ஆளுதானே? நீ ஏற்பாடு செய்யி. எனக்கு நாளைக்கு தாங்கல்ல பணிவிடை உண்டு.”

“எனக்க ஆளுவ எல்லாம் ஆம்பிளையல்லா எக்கா?”

“நமக்கு என்னத்துக்குப் பொல்லாப்பு?” என்றாள் ஜெப்சி. பேச்சு அதோடு நின்றது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்னக்கிளியின் ஊரில் ஒரு நிழல்தாங்கல் இருக்கிறது. அய்யாவழிக்காரர்கள் கூடி வணங்குகிற இடம். அங்கே சிலை கிடையாது. பள்ளியறையில் ஒரு நிலைக்கண்ணாடி, அதற்கு முன்னால் ஒரு விளக்கு. கும்பிட வருகிறவர்கள் அந்தச் சுடருக்குப் பின்னால் தங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். தெய்வம் எங்கே என்று கேட்டால், எதிரே நிற்கிற உனக்குள்ளேயும், உன் பக்கத்தில் நிற்கிறவனுக்குள்ளேயும் என்பது அதன் பொருள். சின்ன வயதிலிருந்தே அன்னக்கிளிக்கு அது தெரியும். தெரிந்ததெல்லாம் எப்போதும் ஞாபகத்தில் இருப்பதில்லை.

அன்றைக்குக் கண்ணாடி முன் நின்றபோது அவளுக்கு முகம் சரியாகத் தெரியவில்லை. விளக்குப் புகையோ என்னவோ, கண்ணாடிக்குள் மஞ்சு இறங்கியதுபோல இருந்தது. பந்தியில் எல்லாருக்கும் உம்பான் சோறு பரிமாறினாள். அரிசியும் காயும் பருப்பும் ஒரே பானையில் வெந்த சோறு. யாருக்கும் முந்தி இல்லை, பிந்தி இல்லை. எல்லாரும் ஒரே வரிசை. பரிமாறி முடித்துக் கை கழுவி, முற்றத்துப் புன்னை மரத்தடியில் சாய்ந்தாள். சாரல் தூவிக்கொண்டிருந்தது. கோதையாற்றின் இரைச்சல் தூரத்தில் ஒரு தாலாட்டைப் போலக் கேட்டது. கண் செருகியது.

கனவில் ஒரு பெரிய மண்டபம். ஆயிரம் கண்ணாடி விளக்குகள். அன்னக்கிளிக்கு அந்த மண்டபம் தெரியும். முப்பது வயதில் கல்ஃபில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றாளே, அந்த வீட்டு எஜமானி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன்னோடு வரச் சொன்ன கல்யாண மண்டபம். ஐந்து மணி நேரம் குழந்தையோடு நின்றாள். அடிவயிறு முட்டியது. பெண்களின் கழிப்பறை வாசலில் நின்றவள் அவளை ஏற இறங்கப் பார்த்து, விருந்துக்கு வந்தவர்களுக்கு மட்டும் என்று கையை விரித்தாள். வேலைக்காரர்களுக்கு மண்டபத்தின் பின்புறம் ஒன்று இருந்தது. அங்கே போனால் டிரைவர்கள். நம் நாட்டு ஆண்களும்தான். அவளைப் பார்த்துச் சிரித்து, வழிவிடாமல் நின்றார்கள். முன்னால் போனால் இந்த நிறத்துக்கும் இந்த நாட்டுக்காரிக்கும் இடமில்லை. பின்னால் போனால் பெண்ணுக்கு இடமில்லை.

அப்போதுதான் அவள் வந்தாள். ஆப்பிரிக்காக்காரி. வேறெந்த வீட்டிலோ வேலை செய்கிறவள். அன்னக்கிளியின் பாஷை அவளுக்குத் தெரியாது. அவள் பாஷை இவளுக்கும் தெரியாது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுவர் ஓரம் போனாள். தோளில் கிடந்த ஆரஞ்சுக் கரை போட்ட வெள்ளைத் துணியை எடுத்து, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, முதுகைக் காட்டி நின்றாள். அந்தத் துணி காற்றில் அசைந்தது. உலகத்திலேயே பெரிய கதவு அதுதான் என்று அன்றைக்கு அன்னக்கிளிக்குத் தோன்றியது.

கனவில் அந்தத் துணி விலகியது. துணிக்கு அந்தப் பக்கம் தாங்கலின் கண்ணாடி நின்றது. அதற்குள் தெரிந்தது தன் முகமில்லை. அகன்ற முகம், கொண்டையில் இலை, கையில் சிவப்பு பாட்டில். “யக்கா, தாக்கோல்” என்றது. அன்னக்கிளி முந்தானை முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அவிழ்க்க அவிழ்க்க அது இறுகியது.

சாரல் முகத்தில் பட்டு விழித்துக்கொண்டாள். கை உண்மையாகவே முந்தானையைப் பிடித்திருந்தது. “அய்யா, நான் என்ன காரியம் செய்துபோட்டேன்!” என்று வாய் முணுமுணுத்தது. எழுந்தாள். தூக்குவாளியில் உம்பான் சோற்றை அள்ளிக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறினாள்.

வார்டு வாசலில் நர்ஸ் பிரீனா நிறுத்தினாள். “நீங்க யாருக்க ஆளு?”

“அந்த… நேத்து வந்த பெண்ணு. வடக்க உள்ளவ.”

“கொள்ளாம்! நேத்தைக்கு முழுக்க ஒரு ஆளில்ல. சரி, பேஷன்ட் பேரு என்ன? கொண்டு வந்த ஆளு எழுதினது ஒண்ணும் வாசிக்கப் பற்றல.”

 இரண்டரை மாதம் தினமும் கண்ணில் பட்டவளின் பேர் அன்னக்கிளிக்குத் தெரியவில்லை.

நர்ஸ் ஒரு பெருமூச்சோடு சொன்னாள். “வெள்ளம் குடிக்காம, மூத்திரத்த அடக்கி அடக்கி வச்சிருக்கா. அது உள்ள பழுத்து கிட்னி வரைக்கும் ஏறிப்போச்சு. ரெண்டு நாள் பிந்தியிருந்தா உயிருக்கே உறுதி பறைய முடியாது. ஏன் யம்மா, சோலி செய்யுத எடத்துல ஒரு பாத்ரூம் கிடையாதா?”

முந்தானையில் தாக்கோல் கல்லாகக் கனத்தது.

“உண்டு” என்றாள் அன்னக்கிளி.

ஜன்னலோரக் கட்டிலில் அவள் கண்மூடிக் கிடந்தாள். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளை விரிப்பின் மேல் அந்தக் கறுத்த விரல்கள். அன்னக்கிளி பக்கத்தில் உட்கார்ந்ததும் கண் திறந்தாள். அடையாளம் தெரிந்தது. பயந்துபோனவளைப் போல எழப் பார்த்தாள். காய்ந்த உதட்டை நனைத்துக்கொண்டு கேட்டாள்.

“யக்கா… தாக்கோல்?”

பத்தடி தூரத்தில் வார்டின் கழிப்பறை திறந்துதான் கிடந்தது. யாரும் போகலாம். ஆனாலும் அவள் அனுமதி கேட்டாள். காய்ச்சலிலும் கேட்டாள்.

“வா மக்கா. தாக்கோல் ஒண்ணும் வேண்டாம். வா.”

ஒரு கையில் டிரிப்ஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் அவளை அணைத்துக் கூட்டிப் போனாள். அந்தக் கதவின் கொண்டி உடைந்திருந்தது, சாத்தினால் திறந்துகொண்டது. அன்னக்கிளி பாட்டிலை உள்ளே ஆணியில் மாட்டினாள். வெளியே வந்து, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, முதுகைக் காட்டி நின்றாள். முந்தானை நுனியில் முடிந்திருந்த தாக்கோல் ஆடி ஆடி அவள் விரல் முட்டியில் இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருத்தி விரித்த துணியைத்தான் இன்று தான் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த ஆப்பிரிக்காக்காரியின் பேரையும் தான் கேட்கவில்லை.

திரும்பக் கட்டிலில் படுக்க வைத்து, சோற்றைப் பிசைந்து ஊட்டியபடியே கேட்டாள். “ஒனக்க பேரு என்ன மக்கா?”

“பாஹா.”

“பாஹாண்ணா?”

அவள் கொஞ்சநேரம் யோசித்தாள். தெரிந்த ஒன்றிரண்டு தமிழ்ச் சொற்களுக்குள் தேடினாள். கண்டுபிடித்ததும் முகம் மலர்ந்தது. “பூ, யக்கா. பூ.”

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அன்னக்கிளி கமிட்டியைக் கூட்டினாள். சுனிலையும் வரச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னதை அப்படியே சொன்னாள். ஜெப்சிதான் முதலில் பேசினாள்.

“பாவம்தான் எக்கா. நான் இல்லேண்ணு பறையல்ல. ஆனா இவிய வந்ததுனாலதான் நமக்கு சோலி கொறயுது. இண்ணு பாத்ரூம் கேப்பா, நாளைக்கு பரிப்பு ஷெட்டுல எடம் கேப்பா.”

“சோலி கொறஞ்சா முதலாளியிட்டப் போய்க் கேப்போம். நானே முன்ன நிக்கியேன். அடிவயிறு முட்டி நிக்கவளுட்டயா அதுக்க கணக்கத் தீக்கது?”

“கறுத்த கை உள்ள வரப்பிடாதுண்ணு நீங்கதானே பறஞ்சிய?”

“நான்தான் பறஞ்சேன். இன்னா, எனக்க கையப் பாரு.” அன்னக்கிளி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தாள். “கல்ஃபுக்குப் போவும் முன்ன பதினோரு வருசம் அண்டி தல்லி ஒடச்ச கை. இண்ணைக்கும் ரேஷன் கடை மிஷினு எனக்க விரல எடுக்காது. ரேகை எல்லாம் அந்த எண்ணெயில போச்சு. எனக்க கைக்கறை சாம்பலுல போச்சு, அவளுக்க கைக்கறை மட்டும் போவாதா? கைக்கு வச்ச சட்டத்த நாம அவளுக்க தோலுக்கு வச்சுபோட்டோம் ஜெப்சி. நீ அண்டித்தோடுண்ணு சிரிச்ச. நானும் கூடச் சிரிச்சேன். அந்தச் சிரிப்பு இப்பம் எனக்க தொண்டையில முள்ளாட்டு நிக்குது.”

ஜெப்சி தலையைக் குனிந்துகொண்டு ஏற்கெனவே உரித்த ஒரு பருப்பையே மறுபடி உரித்தாள்.

அன்னக்கிளியின் குரல் தணிந்தது. “ஒனக்க வேதக்கோயிலுலயும் பறைவாவ, எங்க தாங்கல்லயும் பறைவாவ. நம்ம வம்சத்துப் பெண்ணுவள தோளுல சீல இட விடாத ஒரு காலம் இருந்துதுல்லா? சாதிண்ணு விழுந்த அடியும், பெண்ணுண்ணு விழுந்த அடியும் தனித்தனியாட்டு விழல்ல. ரெண்டும் ஒரே தோளுல விழுந்தது. அந்தத் தோளுல இருந்து வந்தவளுவ நாம. பாஹாவுக்கும் அப்பிடித்தான். வடக்கத்திக்காரி, கறுத்தவண்ணு நாம ஒரு கதவ அடச்சோம். பெம்பிளைண்ணு சுனிலு ஒரு கதவ அடச்சான். ரெண்டு கதவுக்கும் நடுவுல அவ வெள்ளங்கூடக் குடிக்காம நிண்ணா. நாம ரெண்டுபேரும் சட்டப்படி சரியாத்தான் செய்தோம். ரெண்டு சரியும் சேந்து ஒரு உயிர எடுக்கப் பாத்துது.”

சுனில் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

“பூட்டு இல்லேண்ணா லோடுகாரனுவ பின்னயும் கேறுவானுவளே எக்கா?” என்றாள் ஜெப்சி. இப்போது அவள் குரலில் குத்தல் இல்லை. வேலை எப்படி நடக்கும் என்கிற கேள்விதான் இருந்தது.

“அது சுனிலுக்க பொறுப்பு. கேறினா அவனாக்கும் சமாதானம் பறையணும். நாம உள்பக்கம் நல்ல கொண்டி ஒண்ணு போடுவோம். வெளிய பூட்டு கெடந்தா அது தாக்கோல் வச்சிருக்கவளுக்கு அதிகாரம். உள்ள கொண்டி கெடந்தா அது போறவளுக்கு மானம். இத்தற நாளு நான் அதிகாரத்தயாக்கும் மானமுண்ணு நெனச்சிட்டு இருந்தேன்.”

சொல்லிவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கனவில் இறுகிய முடிச்சு, ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

பன்னிரண்டு நாள் கழித்துப் பாஹா வேலைக்குத் திரும்பினாள். மஞ்சும் புகையும் கலந்த அதே விடியல். கேட்டைத் தாண்டி வரும்போது அவளும் கால் இல்லாமல் மிதந்து வருகிறவளைப் போலத்தான் தெரிந்தாள். பதினொரு மணிக்குப் பருப்பு ஷெட் வாசலில் வந்து, பழக்கதோஷத்தில் தயங்கி நின்றாள். வாசலில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சாம்பலும், இன்னொன்றில் தேங்காயெண்ணெயும் இருந்தன.

ஜெப்சி எழுந்து போனாள். அவள் கையைப் பிடித்து இழுத்து, எண்ணெய் தடவி, சாம்பல் போட்டுத் தேய்த்தாள். “இப்பிடித் தேய்க்கணும் ஏட்டி, நகக்கண்ணுலயும். எனக்க கையும் ஒரு காலத்துல இப்பிடித்தான் கெடந்தது.” தண்ணீர் ஊற்ற ஊற்றக் கறை கலங்கி ஓடியது. உள்ளே இளஞ்சிவப்பாக இரண்டு உள்ளங்கைகள் தெரிந்தன. எல்லா மனுஷர்களுக்கும் இருக்கிற அதே உள்ளங்கைகள். எழுபது பேர் உட்கார்ந்திருந்த ஷெட்டின் நடுவே பாஹா நடந்து போனாள். பச்சைக் கதவு திறந்து மூடியது. உள்ளே கொண்டி விழுகிற சத்தம், சின்னதாக, தெளிவாகக் கேட்டது. அன்னக்கிளி கண்களை மூடிக்கொண்டாள். தாங்கல் மணி ஒன்று எங்கோ அடித்ததுபோல இருந்தது.

திரும்பி வந்த பாஹா குழாயடியில் நின்று, சிவப்பு பாட்டிலைத் திறந்து, கழுத்து நரம்பு தெரிய மடக் மடக்கென்று குடித்தாள்.

“ஏட்டி பாஹா, மெள்ளக் குடி! கோதையாறு வத்தீரும்!” என்று கத்தினாள் ஜெப்சி.

பாஹா புரையேறிச் சிரித்தாள். இந்தத் தடவை எதற்குச் சிரிக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

சாயங்காலம் அந்த பாட்டில் காலியாகத்தான் இருந்தது. செம்பருத்திக்கு அன்னக்கிளி ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். வேனுக்காக நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த அஸ்வதி கேட்டாள். “கமிட்டிண்ணா என்ன சோலி யக்கா? நானும் பேரு குடுக்கணுமா?”

“குடு மக்கா” என்றாள் அன்னக்கிளி, செடியிலிருந்து கண்ணை எடுக்காமல். “பெரிய சோலி ஒண்ணும் இல்ல. நமக்கு ஒரு கதவு திறந்தா, கேறீட்டு அடைக்கப்பிடாது. திரும்பி நிண்ணு பாக்கணும். வரிசையில கடைசியில, பேரு தெரியாத ஒருத்தி நிப்பா. பெண்ணுண்ணு ஒரு அடி, ஊரும் நெறமும் சாதியும் பாத்து இன்னொரு அடி, ரெண்டையும் சேத்து வாங்கினவளா இருப்பா. அவளுட்ட மொதல்ல பேரு கேக்கணும். அவளுக்கும் திறந்தாத்தான் அது கதவு. இல்லேண்ணா அதுவும் ஒரு சுவருதான்.”